கொழும்பின் பெயரால் ஹனோய்ச் சந்தைக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் தெஹிவளைத் தகப்பன் ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இலட்சக்கணக்கில் செலவழித்து மகனை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாராம். அந்தப் பல்கலைக்கழகம் பெடியனை ஒரு தவணைக்கு வியட்நாமுக்கு அனுப்பி வைத்ததாம். அவன் அங்கே தெருச்சந்தையில் குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் குந்தியிருந்து, கீரை விற்கிறவர்களையும் மீன் வெட்டுகிறவர்களையும் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினானாம், அதற்குப் புள்ளியும் போட்டார்களாம். சந்தை பார்க்கிறதும் ஒரு படிப்பா என்று கேட்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. சந்தையைப் பற்றிப் பேசலாம். 1967இல், 16 வயதில், புங்குடுதீவிலிருந்து மாமாவின் கடைக்கு வந்தேன். 2016இல் இரண்டு முழங்காலும் இனி ஏலாது என்று சொல்லும்வரை கொழும்புப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய், வெங்காயம், மல்லி, பருப்பு என்று மொத்த வியாபாரம். அந்த 49 வருடத்தில் நான் காணாமல் விட்டதை என் பேத்தி போன மார்கழியில் மூன்று நாளில் எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். அவளும் தெஹிவளைப் பெடியனைப் போல வியட்நாமில் சந்தை பார்த்துவிட்டு வந்தவள்தான். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிப் போடுங்கள். ஆனால் மூட்டை தூக்குகிற நாட்டாமி பற்றிய இடத்தை வெட்ட வேண்டாம்.

பேத்தி மெல்பேர்ணில் பிறந்தவள். 83 யூலை இனக்கலவரத்தில் கடை எரிந்தது. நான் அதே தெருவில் திரும்பக் கடை போட்டேன். என் மகள் வளர்ந்ததும் இந்த ஊரே வேண்டாம் என்று போய்விட்டாள். அது வேறு கதை. பேத்தியை ஹனோய்க்கு அனுப்பியது அவுஸ்திரேலிய அரசின் உதவிப்பணம். அந்தத் திட்டத்தின் பெயர் புதிய கொழும்புத் திட்டம் என்று அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பழைய கொழும்புத் திட்டம் எங்கள் வயதுக்காரர் எல்லோரும் கேள்விப்பட்டது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடிப் பேசியதில் உருவாகி, அடுத்த வருடம் யூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்த உதவியில் ஆசியப் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் படித்தார்கள். 2014இல் தொடங்கிய புதிய திட்டத்தில் பிள்ளைகள் எதிர்த்திசையில், அங்கிருந்து ஆசியாவுக்கு வருகிறார்கள். ஆக, கொழும்பின் பேரால் வந்த காசில் என் பேத்தி ஹனோய்ச் சந்தையைப் படித்தாள். கொழும்புச் சந்தையை அவள் அதுவரை பார்த்தது ஒரே ஒரு தரம். ஆறு வயதில், என் தோளில் இருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஹனோயில் அவளுக்கு நான்கு மாதம். பாடத்தின் பெயர் என்னவோ நீளமாக இருந்தது. வேலை என்னவென்றால், ஒரு சந்தையைத் தெரிவுசெய்து, கிழமையில் நான்கு நாள் விடிய ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு கிழமை படம் எடுக்கக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், அது எதற்காக என்று தன்பாட்டில் முடிவு கட்டக் கூடாது. ஏதாவது வாங்காமல் எழும்பவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும், அந்த ஆசிரியை எங்கேயோ ஒரு கடைக்காரன் வீட்டில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

ஹனோயில் டோங் சுவான் என்று பெரிய சந்தை ஒன்று இருக்கிறது. 1889இல் பிரெஞ்சுக்காரர் கட்டியது, 1994இல் தீப்பிடித்து எரிந்து திரும்பக் கட்டப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் போவது அங்கேதான். பேத்தி அதை விட்டுவிட்டு, தான் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் காலையில் முளைத்து ஒன்பது மணிக்குள் காணாமல் போகும் ஒரு சின்னச் சந்தையைப் பிடித்துக்கொண்டாள். இப்படியான சந்தைகளை வியட்நாமியர் 'சொ கொக்' என்கிறார்களாம். சொ என்றால் சந்தை, கொக் என்றால் தேரை. பொலிஸ் வந்தால் தேரை மாதிரி இங்கிருந்து பாய்ந்து அங்கே போய்க் குந்திக்கொள்ளும் சந்தை. 2008இல் ஹனோய் நகர நிர்வாகம் 62 தெருக்களில் நடைபாதை வியாபாரத்தைத் தடைசெய்தது. தடை இருக்கிறது. தேரையும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவோம். ஒரு நாள் கேட்டாள்: "அம்மப்பா, பொலிஸ் வருது எண்டு சத்தம் கேட்டால் அவையள் முதல் என்னத்தைத் தூக்குவினம், சொல்லுங்கோ பாப்பம்." காசுப் பையை என்றேன். அது இடுப்பிலேயே கட்டியிருக்கிறதாம். கீரையை என்றேன். அதுவும் இல்லை. தராசை. கீரை பறிபோனால் ஒரு நாள் கைமுதல் போகும், தராசு பறிபோனால் நாளைக்கும் வியாபாரமில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிரதான வீதி நடைபாதையில் விரிப்பின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, ஒரே இழுப்பில் மூட்டையாக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் பெடியன்களை நான் நூறு தரம் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதை முதலில் தூக்குகிறார்கள் என்று ஒரு தரமும் பார்த்ததில்லை.

அவளுடைய வாடிக்கைக்காரி நாம் டின் மாகாணத்திலிருந்து வந்து மணக்கும் இலைகளும் தேசிக்காயும் விற்ற ஒரு அம்மா. தோளில் மூங்கில் காவுதடி, இரண்டு பக்கமும் கூடை, தலையில் ஓலைத் தொப்பி. சந்தித்த முதல் நாளே "உனக்கு எத்தனை வயது" என்று கேட்டாராம். பேத்திக்குச் சுருக்கென்றது. பிறகுதான் விளங்கியிருக்கிறது, அந்த மொழியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு 'நீ'யும் ஒரு 'நானும்' வைத்துக்கொண்டு பேச்சை ஓட்ட முடியாது என்று. எதிரில் நிற்பவர் தனக்கு அக்கா முறையா, தங்கச்சி முறையா, மாமி முறையா என்று தெரிந்தால்தான் வாய் திறக்கலாம். மூத்தவளுக்கு 'சி', இளையவருக்கு 'எம்', மாமி வயதுக்காரிக்கு 'கோ'. வயது கேட்டது விடுப்பு இல்லை, இலக்கணம்.

இதைச் சொல்லிவிட்டு அவள் என்னிடம், "நீங்கள் கடையிலை என்னெண்டு கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் நாங்களும் அப்படித்தான். தம்பி, அக்கா, முஸ்லிம் அண்ணனுக்கு நானா, சிங்களத் தம்பி தங்கச்சிக்கு மல்லி, நங்கி. பேர் தெரியாத ஆளுக்கு முறை வைத்துத்தான் விலை சொல்கிறோம். அதிலும் ஒரு வேடிக்கை. நாங்கள் மரியாதைக்கு "ஐயா" என்போம். சிங்களவருக்கு "ஐயா" என்றால் அண்ணன். இரண்டு பேரும் வேறு வேறாக விளங்கிக்கொண்டு, இரண்டு பேரும் சந்தோஷப்பட்டு, ஒரு மூட்டை பருப்பு கைமாறும். இப்படி எத்தனை ஆயிரம் மூட்டை.

முதல் வியாபாரக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாவது கிழமை, விடியற்காலை, முதல் ஆளாகப் போய் விலை கேட்டிருக்கிறாள். விலையை மட்டும் கேட்டுவிட்டு, பிறகு வருகிறேன் என்று நகர்ந்து தன் முக்காலியில் போய் இருந்துவிட்டாள். அந்த அம்மா ஒரு துண்டுக் கடதாசியைக் கொளுத்தி, இரண்டு கூடையையும் சுற்றிக் காட்டிவிட்டு எறிந்தாராம். இவள் கொப்பியில் "காலைப் பிரார்த்தனை" என்று அழகாக எழுதிவிட்டாள். ஆசிரியை அந்த இரண்டு சொல்லையும் சிவப்பால் வளைத்து, "யாரைக் கேட்டாய்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பிறகு போய்க் கேட்டால், பிரார்த்தனையும் இல்லை ஒன்றும் இல்லை. நாளின் முதல் வியாபாரத்தை அவர்கள் 'மோ ஹாங்' என்கிறார்கள். முதலில் வருகிறவரின் கைராசியில்தான் அன்றைய நாள் ஓடும். முதல் ஆள் வாங்காமல் போனால் அந்தத் தரித்திரத்தைக் கடதாசி கொளுத்தி விரட்டுவார்கள். அன்றைக்கு அந்தத் தரித்திரம் என் பேத்தி.

எங்கள் மாமா செத்தாலும் முதல் வியாபாரத்தைக் கடனுக்குக் கொடுக்க மாட்டார். விடியக் கடை திறந்து கற்பூரம் காட்டின கையோடு யாராவது விலை கேட்டுவிட்டுத் திரும்பினால், அவர் கூப்பிட்டு, வாங்கின விலைக்கே கால் கிலோவாவது கொடுத்து அனுப்புவார். வாங்கின விலையை மூட்டையில் எழுதி வைப்போம், ஆனால் எண்ணில் அல்ல. பத்து எழுத்துள்ள ஒரு தொடர் எங்கள் கடைக்கு இருந்தது, ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். கடை போய் ஒன்பது வருடமாகியும் அந்தத் தொடரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பேத்திக்குச் சொல்லிவிட்டேன். அவள் கொப்பியில் எழுதவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது.

இன்னொரு சங்கதி. வியட்நாமில் ஆயிரத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். 'பதினைந்து' என்றால் 15,000 டொங். நோட்டுகளில் 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். 15,000க்கு இலையும் தேசிக்காயும் வாங்கிவிட்டு, 20,000 என்று நினைத்து 500,000ஐ நீட்டி, 5,000 மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் கெட்டிக்காரி. இருட்டில் அந்த அம்மாவும் பார்க்கவில்லை. அடுத்த நாள் 480,000 டொங்கையும் நாலாக மடித்துக் கையில் வைத்துவிட்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கப் பத்து நிமிடம் ஏசினாராம். ஏச்சுக் கேட்டு மற்ற வியாபாரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்து, அன்றையிலிருந்து இவளை எல்லோருக்கும் தெரியும். என் மகள் இதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு நேர்மையான மனுஷி என்று உருகினாள். நேர்மை இருக்கட்டும், நான் வியாபாரியாகச் சொல்கிறேன்: நாளைக்கும் வருகிற ஆளிடம் இன்றைக்குப் பறிக்கிறவன் ஆறு மாதம் கடை நடத்த மாட்டான். நான்கு மாதமும் பேத்தி வேறு எவரிடமும் ஓர் இலை வாங்கவில்லையே.

ஒரு ஞாயிறு குழம்பிப் போய் இருந்தாள். இரண்டு நாள் மட்டும் ஒழுங்கை முழுக்கச் செவ்வந்தியும் வாழைப்பழச் சீப்பும், இறைச்சி மேசையில் ஆளில்லை, சோயாக் கட்டி விற்கிறவளிடம் நெரிசல், மற்ற நாளில் அப்படி இல்லை, ஏன்? திகதிகளைச் சொல்லச் சொன்னேன். சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்த்தேன். ஒன்று அமாவாசையை ஒட்டி, மற்றது பறுவத்தை ஒட்டி. "பிள்ளை, ஒண்டு போயா" என்றேன். சந்திர மாதத்தின் முதலாம் நாளும் 15ஆம் நாளும் அங்கே பலர் மரக்கறிதான். வீட்டில் செத்துப்போன மூத்தோருக்குப் பூவும் பழமும் படைப்பார்கள். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று கொழும்பில் இறைச்சிக்கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கிழவனுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. அந்தக் கொப்பிக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான். நல்ல புள்ளி வந்ததாம். பாதி எனக்குச் சேர வேண்டும்.

பழைய ஹனோயை 36 தெரு என்கிறார்கள். 'ஹாங்' என்றால் சரக்கு. ஹாங் பாக் வெள்ளிச் சரக்குத் தெரு, ஹாங் தூவோங் சீனிச் சரக்குத் தெரு, ஹாங் மா செத்தவர்களுக்கு எரிக்கிற கடதாசிச் சாமான் தெரு. சணல் விற்ற ஹாங் காயில் இன்றைக்குப் பட்டு விற்கிறார்கள், பேர் மட்டும் சணல். லான் ஓங் தெருவில் நாட்டு மருந்து மணக்கும். இதையெல்லாம் அதிசயமாகச் சொன்னாள். அட பிள்ளை, செட்டியார் தெருவில் நகை, கேபோஸ் லேனில் மூலிகை, கெய்சர் வீதியில் துணி, எங்கள் தெருவில் மிளகாய்; எங்களுக்கு யாரோ வந்து எண் போட்டுவிட்டான், இல்லாவிட்டால் எங்களுடையதும் செத்தல் மிளகாய்த் தெருதான் என்றேன். "அப்ப நான் வந்து பாக்க வேணும்" என்றாள்.

வந்தாள். மார்கழியில் மூன்று கிழமை. முதல் கிழமை கடற்கரை, கோயில், சொந்தக்காரர் வீடு. பிறகு ஒரு விடியற்காலை 100 இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போனோம். நான் எட்டு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் அவளுக்கு இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளிவாசலைக் காட்டலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தாள். அதற்குப் பிறகு முழுக்கக் கீழேதான் பார்த்தாள். யார் எங்கே இருக்கிறார்கள், யார் தரையில், யார் பெட்டியில், யார் கதிரையில். தேத்தண்ணிக்காரப் பெடியன் எந்தக் கடைக்கு முதலில் கொடுக்கிறான். கணக்கப்பிள்ளைக்கு முன்னால் எவர் செருப்பைக் கழற்றுகிறார். நான் 49 வருடம் மேசைக்குப் பின்னால் இருந்தவன். மேசைக்குப் பின்னால் இருந்தால் வருகிறவன் கை மட்டும்தான் தெரியும்.

எங்கள் பழைய கடைக்குப் பக்கத்தில் கைவண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கி வண்டி தள்ளுகிறவர்களைப் புறக்கோட்டையில் நாட்டாமி என்போம். ஊருக்குத் தலைமை தாங்குகிறவனின் பேர் எப்படியோ மூட்டை தூக்குகிறவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பேத்தி நேரே போய், "அண்ணா, நீங்கள் இரவிலை எங்கை படுக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாராவது முன்பின் தெரியாத ஆளிடம் அப்படிக் கேட்பார்களா? பிறகுதான் சொன்னாள், ஹனோயில் அவள் இலைக்கார அம்மாவிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி அதுதானாம். நாம் டின்னிலிருந்தும் ஹுங் யென்னிலிருந்தும் வருகிற பெண்கள் ஓர் அறையை ஒன்பது பேர், பத்துப் பேராக எடுத்து, இரவுக்கு இரவு காசு கொடுத்து, பலகையில் வரிசையாகப் படுத்து எழும்புகிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. அது தெரிந்த பிறகுதான், ஏன் அந்த அம்மா விடிய மூன்று மணிக்கே லாங் பியென் மொத்தச் சந்தைக்குப் போகிறார், ஏன் ஒன்பது மணிக்குப் பிறகும் மத்தியானம் வரை ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுகிறார், ஏன் கிராமத்தில் வயல் வேலை என்றால் பத்து நாள் காணாமல் போகிறார் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்ததாம்.

நாட்டாமி கோபிக்கவில்லை. "கடை மாடியிலதாங்க. நாலு பேரு இருக்கோம்" என்றார். மஸ்கெலியாக்காரர். தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் போதாமல் 20 வயதில் இறங்கினவர். கைவண்டி சொந்தமில்லை, நாள் வாடகை. மாதத்துக்கு ஒரு தரம் ஊருக்குப் போவார். மகள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். இதெல்லாம் பேத்தி கேட்க அவர் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "முதலாளி, காலு எப்படி இருக்குங்க?" என்று கேட்டார். ஆறு வருடம் என் கடை மூட்டைகளை இறக்கினவர். நான் அவரை அடையாளம் காணவில்லை. அவருக்கு என் முழங்கால் கூட நினைவிருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் பேசவில்லை. அவளும் பேச்சுக் கொடுக்கவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தெருவுக்குள் அவளாகவே போனாள், நான் முதல் நாள் சாய்ந்திருந்த தூணடியில் ஒரு பெட்டி போட்டு இருந்தேன்.

தெஹிவளைத் தகப்பனுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சந்தை பார்க்கப் போகிற எல்லாப் பிள்ளையும் சந்தையைப் பார்ப்பதில்லை. பேத்தி தவணை முடிவில் வகுப்போடு மேகொங் கழிமுகத்துக்குப் போய், கன் தோ நகரத்தின் காய் ராங் மிதக்கும் சந்தையைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு படகிலும் ஒரு நெட்டைக் கம்பு. அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு, பூசணி தொங்கினால் பூசணிப் படகு. காயப்போட்ட உடுப்பும் தொங்கும், அது விற்பனைக்கில்லை. கூரை ஓலை தொங்கினால் விற்பனைக்கு வந்திருப்பது படகேதான். இப்படி ஒரு விளம்பரப் பலகையை நான் எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே வியாபாரப் படகை விடப் படம் பிடிக்கிற படகு கூட என்றாள். தெருக்கள் நல்லாகிவிட்டதால் சரக்கு லொறியில் போகிறது, ஆற்றில் சனம் குறைகிறது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளிலும் பாதிப் பேர் ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்று படம் எடுத்ததோடு சரி. தெஹிவளைப் பெடியன் எந்தப் பாதியில் என்று அவனுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தகப்பன் அதைத் திறந்து பார்த்தாரா என்று கடிதத்தில் இல்லை. (நாங்களும் 2014இல் பெஸ்டியன் மாவத்தையில் பேரை வாவிக்கு மேல் ஒரு மிதக்கும் சந்தை கட்டினோம். கம்பில் ஒன்றும் தொங்கவில்லை.)

இனி என் கோரிக்கை. கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குப் புவியியலும் பொருளியலும் படிப்பிக்கிற ஆசிரியர்கள் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குக் கேள்வி, நிரம்பல், சந்தைச் சமநிலை எல்லாம் கோட்டுப்படத்தில் தெரியும். 2023 மார்கழியில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது நான்காம் குறுக்குத் தெருவில் பத்து மணிக்கு ஒரு விலை, பன்னிரண்டு மணிக்கு ஒரு விலை என்று அங்கே இருக்கிறவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதை ஒரு பிள்ளையும் வந்து பார்க்கவில்லை. 1970க்குப் பிறகு இறக்குமதியை இறுக்கியதில் யாழ்ப்பாணத்து மிளகாய்க்காரனும் வெங்காயக்காரனும் கல்வீடு கட்டியதையும், 77க்குப் பிறகு கதவைத் திறந்ததில் அதே ஆட்கள் விழுந்ததையும் புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படிக்கிறார்கள். அந்தப் பங்கீட்டுக் கூப்பன் காலத்தில் மூட்டை எண்ணின ஆட்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறோம். ஹனோயில் ஒரு தேத்தண்ணிக் கிழவர் பேத்திக்குச் சொன்னாராம், 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட முன்னம் பங்கீட்டு வரிசையில் ஆளுக்குப் பதிலாக ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள் என்று. 2022இல் வெள்ளவத்தையில் நாங்கள் எரிவாயுச் சிலிண்டரை வைத்துச் சங்கிலி போட்டதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. படம் காட்டினேன்.

செலவு அதிகமில்லை. ஒரு கொப்பி, பஸ் காசு. நாலு பிள்ளைக்கு மேல் ஒன்றாக நிற்க வேண்டாம், கைவண்டிக்கு வழி வேண்டும். தீபாவளி, நோன்புப் பெருநாளுக்கு முதல் கிழமை வர வேண்டாம், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள், ஏச்சுத்தான் விழும். தொலைபேசி பைக்குள் இருக்கட்டும். ஐம்பது ரூபாவுக்காவது ஏதாவது வாங்கட்டும். மரக்கறி பார்க்க விரும்பினால் விடிய நாலு மணிக்குப் பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போக வேண்டும், அதற்குப் பெற்றார் ஒருவர் கூட வர வேண்டும். நாலாம் குறுக்குத் தெருவுக்கு என்றால் நான் வருகிறேன். படி ஏற ஏலாது, தூணடியில் பெட்டி போட்டு இருப்பேன். என் விலாசம் உங்கள் காரியாலயத்தில் இருக்கிறது, கேட்கிற ஆசிரியருக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பலசரக்கு வியாபாரி,
வெள்ளவத்தை.

பி.கு.: அதே ஞாயிறு இதழில் மரக்கறி விலை பற்றிய செய்திக்கு மேல் ஒரு படம் போட்டு, "புறக்கோட்டை மனிங் சந்தையில் நேற்று" என்று எழுதியிருந்தீர்கள். மனிங் சந்தை 2020 நவம்பரிலேயே பேலியகொடைக்குப் போய்விட்டது. படமும் நேற்று எடுத்ததில்லை. மேலே தெரிவது பழைய தகரக் கூரை, வலது பக்கத்தில் வெள்ளைச் சறத்தோடு நிற்கிற வாழைக்காய் வியாபாரியை எனக்குத் தெரியும், அவர் காலமாகி இரண்டு வருடம்.